சகாயம் பாறைக்கு எத்தனை டன்

ஜனவரி 11

கம்பெனி டைரி இந்த வருடமும் வந்திருக்கிறது. போன வருடத்து டைரியின் மேல் டீ டம்ளர் வைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. இந்த வருடம் எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். இந்த ராஜஸ்தான் பொட்டலில் தமிழில் வாயாட ஒரே ஒரு ஆள் இருந்தார். அவரும் இன்று காலை ஊருக்குப் போய்விட்டார்.

தேவசகாயம் சார் எங்கள் எண்ணெய் வயலின் புவியியலாளர். நாகர்கோவில்காரர். எந்த ஆழத்தில் என்ன பாறை, அதில் எண்ணெய் உண்டா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. அவர் சொன்ன பாறையை உடைத்து எண்ணெய்க்கு வழி பண்ணுவது என் வேலை. பல வருடமாக எதிரெதிர் மேசை. தீபாவளியிலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு "கேஸு, வேற ஒண்ணுமில்ல" என்று இஞ்சி மிட்டாயாகத் தின்றுகொண்டிருந்தார். டாக்டரிடம் போங்கள் என்று நான் கத்தாத நாள் இல்லை. கேட்டால்தானே? கடைசியில் ஜோத்பூரில் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள்.

வண்டியில் ஏறும்போது அவர் ஊர்ப் பலகாரமான முந்திரிக்கொத்தை ஒரு டின் நிறைய என் கையில் திணித்தார். "எறும்பு ஏறாம வச்சுக்க. நம்ம பாறையையும் பாத்துக்க, வடிவு" என்றார். அவனவன் பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வான், இந்த மனுஷன் பாறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். நன்றாகத் திட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வண்டி கேட்டைத் தாண்டுகிறவரை நிற்கவில்லை. வேலை இருந்தது.

ஜனவரி 14

பொங்கல். மெஸ்ஸில் கொத்தவரங்காய்ப் பொரியல். இந்த ஊரில் மழைக்கு முளைப்பது அது ஒன்றுதான். பாறை உடைக்கக் கிணற்றுக்குள் அனுப்பும் தண்ணீரைக் கெட்டியாக்க, கொத்தவரை விதையின் கோந்தைத்தான் கலக்கிறோம். கிணற்றுக்கும் கொத்தவரை, எனக்கும் கொத்தவரை. சார் இருந்திருந்தால் இந்தப் பொரியலைப் பார்த்து ஒரு பாட்டம் புலம்பியிருப்பார்.

அம்மா போன் பண்ணினாள். அம்பாசமுத்திரத்தில் எல்லாரும் சௌக்கியம். நாற்பத்து மூன்று வயதாகிவிட்டதால் கல்யாணப் பேச்சை விட்டுவிட்டாள். அந்த மட்டும் நிம்மதி.

ஜனவரி 27

சகாயம் பாறைக்கு அனுமதி கிடைத்துவிட்டது!

இதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும். எங்கள் வயலில் எல்லாரும் எண்ணெய் எடுப்பது மேலே இருக்கிற மணற்பாறையில். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் இறுகிய பாறை ஒன்று இருக்கிறது. அதில் ஒன்றுமில்லை என்று ஊரே சொல்ல, தேவசகாயம் சார் மட்டும் இருக்கிறது, இருக்கிறது என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குக் கூட்டம் இதே பேச்சு. கேலியாக அந்தப் பாறைக்கே 'சகாயம் பாறை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் கேலி பண்ணியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை.

எங்கள் ஜி.எம். ரங்கராஜன் சார் ஜோத்பூரிலிருந்து போன் பண்ணினார். "மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள ஒரே ஒரு கிணறு பண்ணிக்கலாம்மா. பதினாலாம் நம்பர் சும்மாதானே கிடக்கு. ஓடிச்சுன்னா அடுத்த வருஷம் இருபது கிணறு தோண்டலாம். ஓடலைன்னா இந்தப் பாறை பேச்சை இதோட விட்டுடணும்" என்றார்.

உடனே நாகர்கோவிலுக்குப் போன் போட்டேன். சார் மனைவி ஸ்டெல்லா அக்கா எடுத்து அவரிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருந்தாராம். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அழுதீங்களா சார்?"

"சவத்த, சளிம்மா. எத்தன டன்னு போடப்போற? அத மொதல்ல சொல்லு."

ஜனவரி 28

எத்தனை டன் என்பதுதான் என் பிழைப்பே. கெட்டித் தண்ணீரை ராட்சச பம்புகளால் அழுத்தினால் கீழே பாறை விரிகிறது. பம்பை நிறுத்தினால் மூடிக்கொள்ளும். மூடாமல் இருக்க, தண்ணீரோடு செராமிக் குருணையைக் கலந்து விரிசலுக்குள் அனுப்புகிறோம். கடுகைவிடச் சின்னது. அதற்கு ஆயிரம் பெயர் உண்டு, நாங்கள் மணல் என்றுதான் சொல்வோம். பாறை மூட வரும்போது மணல் நடுவில் நின்று தாங்கும், அந்த இடுக்கு வழியே எண்ணெய் வரும். மணல் குறைந்தால் வழி மூடிக்கொள்ளும். கூடினால் போகிற வழியிலேயே அடைத்துக்கொண்டு கிணறு முழுக்க மணலாக நிற்கும். அதைச் சுத்தம் பண்ணும் வண்டி குஜராத்திலிருந்து வந்து சேர ஒரு மாதம் ஆகும்.

சார் நேற்றுத் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "நூத்தி இருபது. அதுல ஒரு கிலோ கொறைக்காத. இது மெத்துன்னு இருக்க பாறை, கேட்டியா? மணல முழுங்கும். முழுங்கினது போக மிச்சம் நிக்கணும். கொஞ்சமாப் போட்டேன்னா மொதல்ல நல்லா ஓடும், ஆகா ஓகோம்பானுவ. அப்புறம் பாறை மணல முழுங்கிட்டு வாய மூடிரும். மூடின பொறவு பாறையிலதான் குத்தம்னு எழுதிருவானுவ."

இவ்வளவு பேசியதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

பிப்ரவரி 9

புதிதாக வந்த பையன் ஒருவன் சார் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். எழுப்பிவிட்டேன். அவன் மூஞ்சி சுண்டிப்போயிற்று. நாற்காலிக்கு என்ன குறைச்சல் இந்த ஆபீசில்?

பிப்ரவரி 20

பதினாலாம் கிணற்றிலிருந்து முன்பு எடுத்து வைத்த பாறைத் துண்டைக் கிடங்கில் தேடிப் பிடித்தேன். அதன் மேல் மணலைப் பரப்பி, பட்டறையில் இருக்கிற பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் குருணை பாதிக்கு மேல் பாறைக்குள் புதைந்திருந்தது, இட்லி மாவில் மிளகு போட்ட மாதிரி. சார் சொன்னது அப்படியே சரி.

போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. இந்நேரம் தூங்குவார்.

மார்ச் 3

போன் பண்ணினேன். "ஹலோ" என்றதும் வேறு யாரோ வயசாளி என்று நினைத்து, "சார் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். "நாந்தான்" என்றார்.

சே. என் நாக்கை இழுத்து வைத்து அறுக்க வேண்டும்.

மார்ச் 12

பம்பு லாரிகள் வந்துவிட்டன. கூடவே சலீம் பாய். கீழக்கரைக்காரர், பம்பு ஓட்டும் குழுவுக்குத் தலைவர். எனக்கு முன்னாலிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறவர். நூற்று இருபது டன் மணலும் வந்து தொட்டிகளில் ஏறிவிட்டது. "என்னங்க மேடம், பெரிய கல்யாணமா இருக்கு?" என்றார். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். பாய்க்குச் சாரை நன்றாகத் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 17

இன்று சோதனை ஓட்டம். பெரிய வேலைக்கு முன்னால் மணல் இல்லாமல் தண்ணீரை மட்டும் அழுத்தி, பாறை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். விரிந்தது. அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம். ரொம்ப இல்லை, கொஞ்சம். கீழே முப்பது மீட்டரில் தண்ணீர்ப் பாறை ஒன்று இருக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டார். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர், எப்போதும் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். இன்று வார்த்தை தடுமாறியது. "வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னு சொல்லிட்டாவ, வடிவு. ஈஸ்டர் வரைக்கும் இருப்பாரான்னு கேட்டேன், டாக்டரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. மனுசன் கண்ணத் தொறந்தா ஒரே கேள்விதான். எண்ணெ வந்துட்டா, எண்ணெ வந்துட்டான்னு. வந்துருமா பிள்ளே?"

வந்துரும் அக்கா என்றேன்.

மார்ச் 18

ஐம்பது டன் போதும் என்று முடிவு பண்ணியிருக்கிறேன்.

ஒன்று, சோதனையில் அழுத்தம் கூடுதல். நூற்று இருபது போட்டால் அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இன்னொன்று, விரிசல் பெரிதானால் கீழே இறங்கித் தண்ணீர்ப் பாறையைத் தொட்டுவிடலாம், தொட்டால் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர்தான் வரும். எந்த எஞ்சினியரும் இதைத்தான் செய்வான். ரங்கராஜன் சாருக்குச் சொன்னேன், "சேஃபாவே பண்ணுங்க, ரொம்ப சரி" என்றார்.

இவ்வளவுதான் காரணம்.

மார்ச் 19

முடிந்தது. ஐம்பது டன்னும் உள்ளே போயிற்று. சுத்தமான வேலை. தலை வலிக்கிறது.

மார்ச் 26

எண்ணெய்!

நாலைந்து நாள் நாங்கள் அனுப்பிய தண்ணீரேதான் திரும்பி வந்துகொண்டிருந்தது. இன்று காலை குழாயடியில் நின்றபோது நிறம் மாறிற்று. முதலில் நுரை, அப்புறம் கறுப்புத் திரி திரியாக, அப்புறம் தடதடவென்று எண்ணெய். ஒரு நாளைக்கு இருநூறு பீப்பாய்க்கு மேல் வரும்போல. சலீம் பாய் "அல்லாஹு அக்பர்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தூசி என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

எங்கள் வயலில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாறையில் வருகிற முதல் எண்ணெயை ஒரு சின்னப் பாட்டிலில் பிடித்து, அதில் சீட்டு ஒட்டி, பாறையைச் சொன்ன புவியியலாளர் மேசையில் வைப்போம். சீட்டில் மூன்று வரிதான். கிணற்று எண், எத்தனை டன், அவர் பெயர். பிடித்துவிட்டேன். கிணற்று எண்ணும் பெயரும் எழுதினேன். நடு வரியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

மார்ச் 27

ஸ்டெல்லா அக்கா போனை அவர் காதில் வைத்தார். எண்ணெய் வந்துவிட்டது சார், இருநூறுக்கு மேல் என்று இரண்டு தடவை கத்தினேன். அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். சிரிக்கிறார் என்று அக்கா சொன்னார்.

"வடிவு."

"சொல்லுங்க சார்."

"எத்தன டன்னு போட்ட?"

சொன்னேன்.

"எல்லாம் உள்ள போச்சா?"

"போச்சு சார்."

"நல்லாருப்ப" என்றார். அப்புறம் வேறு என்னமோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. என்ன சொன்னார் என்று அக்காவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

மார்ச் 31

ஜோத்பூரிலிருந்து ஐந்து கிலோ காஜு கத்லி. ரங்கராஜன் சார் நேரிலேயே வந்து கை கொடுத்தார். "அந்த மனுஷர் சாதிச்சுட்டாரும்மா" என்றார். எல்லாரும் சகாயம் பாறை, சகாயம் பாறை என்று மரியாதையாகச் சொல்கிறார்கள், இத்தனை நாள் இளித்த அதே வாயால்.

ஏப்ரல் 5

காலையில் சார் போய்விட்டார்.

ஏப்ரல் 6

நாளை மதியம் அடக்கம். இங்கிருந்து ஜோத்பூர், டெல்லி, திருவனந்தபுரம் என்று போய்ச் சேர்ந்துவிடலாம். டிக்கெட் இருந்தது. நான் போகவில்லை. கிணற்றின் அளவுகளைப் பார்க்க ஆள் வேண்டும்.

மெஸ்ஸில் சோறு இறங்கவில்லை. அறைக்கு வந்து முந்திரிக்கொத்து டின்னைத் திறந்தேன். இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்ததில் கெட்டுப்போய்ச் சிக்குவாடை அடித்தது. கொடுத்த அன்றே தின்று தீர்த்திருக்க வேண்டும். என்ன ஜென்மமோ நான்.

ஏப்ரல் 12

ஸ்டெல்லா அக்கா பேசினார். துக்கம் கேட்க நான்தான் கூப்பிட்டிருக்க வேண்டும், அவராகவே கூப்பிட்டார்.

"கடேசி ஒரு வாரமா வாயில அந்த நூத்தி இருபதுதான், கேட்டியா. வாறவங்க போறவங்ககிட்ட எல்லாம், நூத்தி இருபது டன்னு உள்ள போச்சு, வடிவு போட்டுட்டா, இனி மூடாதுன்னு சொல்லுவாரு. போதகருக்கு ஒண்ணும் வெளங்கல. அடக்க ஆராதனையில நூத்தி இருபதுன்னு சொல்லிப் பிரசங்கம் பண்ணிட்டாரு" என்று சொல்லி அழுதுகொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு இந்த டைரியை எடுத்தேன்.

மார்ச் பத்தொன்பதாம் தேதி ஒரு வரி எழுதிவிட்டு மூடியது வீண். அன்று பம்பு வண்டிக்குள் நடந்தது இதுதான். ஐம்பதாவது டன் போய்க்கொண்டிருந்தபோது திரையில் அழுத்தக் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேராக இருந்தது. முதல் நாள் நான் பயந்த எதுவுமே நடக்கவில்லை. தொட்டியில் இன்னும் எழுபது டன் இருந்தது. சலீம் பாய் என் பக்கம் திரும்பி, "மேடம், லைன் அசையவே இல்ல. இன்னும் குடிக்கும்போல. போடலாமா?" என்றார். 'மணலை நிறுத்து' என்று சொல்ல வேண்டியவர் திட்டம் போட்டவர் மட்டும்தான், அது இந்தத் தொழிலின் வழக்கம். பாய் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பாறையும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. வந்துருமா பிள்ளே என்ற குரல் மட்டும்தான் காதில் இருந்தது. அடைத்துக்கொண்டால் ஒரு மாதம். ஐம்பதில் நிறுத்தினால் எண்ணெய் இப்போதே, நிச்சயமாக.

மணலை நிறுத்துங்கள் என்றேன்.

ஏப்ரல் 25

நூற்றுப் பத்துப் பீப்பாய். புதுக் கிணறு கொஞ்சம் இறங்கும், இறங்கினால்தான் சரி. இருந்தாலும்.

மே 6

நாற்பது. தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. கீழே எதையும் தொடவே இல்லை. நூற்று இருபது போட்டிருந்தாலும் தொட்டிருக்காது.

கிணற்றடியில் போய் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. குழாயில் கை வைத்தால் ஒரு அதிர்வும் இல்லை. முழுங்கிட்டு வாய மூடிரும் என்று அவர் சொன்னது அப்படியே நடக்கிறது.

மே 11

அம்மா போனில், "ஏன்டி குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். ஜலதோஷம் என்றேன்.

மே 20

ஜோத்பூரில் கூட்டம். எல்லாரும் போன பிறகு ரங்கராஜன் சார் என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

"இருநூறுல ஆரம்பிச்சு ஒம்பதுக்கு வந்தாச்சு. பாறை சரியில்ல, அவ்வளவுதானேம்மா?"

"பாறையில தப்பில்ல சார். வழி மூடிக்கிச்சு. மணலு போதல."

"எவ்ளோ போட்டிருக்கணும்?"

"நூத்தி இருபது. தேவசகாயம் சார் ஜனவரியிலேயே சொன்னாரு."

"ஸ்பாட்ல அவ்ளோ மணல் இருந்துதே. ப்ரஷர் ஏறிச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் ஐம்பதுல நிறுத்தினீங்க?"

வாயைத் திறந்தேன். தண்ணீர்ப் பாறை என்று சொல்லலாம் என்று இருந்தேன், தண்ணீர் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். வேறு எதை எந்த வாயால் சொல்ல? பைக்குள்ளிருந்து பாறைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். குருணை புதைந்ததைக் காட்டினேன். லென்ஸை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எப்போ பண்ண டெஸ்ட்?"

"பிப்ரவரியில."

"தெரிஞ்சேவா ஐம்பது போட்டீங்க?"

"ஆமா சார். என் பேரப் போட்டே எழுதுங்க. இன்னொரு கிணறு மட்டும் குடுங்க."

நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துப் பேசினார். "எஞ்சினியர் தெரிஞ்சே குறைச்சாங்கன்னு எழுதினா உங்க வேலை போகும், கையெழுத்துப் போட்ட எனக்கும் கேள்வி வரும். அதுக்கப்புறமும் மேலிடத்துல கிணறு தரமாட்டாங்க. பாறை சரியில்லன்னே எழுதிடறேன். போனவருக்கு இனிமே என்னம்மா நஷ்டம்?"

எழுதாதீங்க சார் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். அதற்கு மேல் என்ன செய்திருக்க வேண்டும்? மேசையைத் தட்டியிருக்க வேண்டுமா? பாறைத் துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அவரை ஏசிக்கொண்டு வந்தேன். பாதி வழியில்தான் தெரிந்தது, ஏச்செல்லாம் எனக்கே பொருந்துகிறது.

ஜூன் 4

பதினாலாம் கிணற்றை சிமென்ட் ஊற்றி மூடிவிட்டார்கள். அடுத்த வருடத்து இருபது கிணறும் இல்லை. சாம்பல் பாறையில் இனி யாரும் தோண்டக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. சலீம் பாய் மூடுகிற வேலைக்கு வந்திருந்தார். போகும்போது, "அன்னிக்கு நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும் மேடம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. "நீங்க ஏன் பாய் கேக்கணும்? நீங்க கேட்டீங்க. நாந்தான் நிறுத்தச் சொன்னேன்" என்று கத்திவிட்டேன். பாவம் மனிதர்.

புதுப் புவியியலாளர் வந்துவிட்டார். சார் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுப்பவில்லை.

ஜூன் 19, நாகர்கோவில்

ரயிலில்தான் வந்தேன். எண்ணெய்ப் பாட்டிலை விமானத்தில் விடமாட்டார்கள். ரயிலிலும் கூடாதுதான், ஊறுகாய்ப் பாட்டில்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்துவிட்டேன்.

ஸ்டெல்லா அக்கா இளைத்துப் பாதியாகிவிட்டார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அவர் படத்துக்கு முன்னால் உட்கார வைத்தார். படத்தில் கம்பெனித் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் போட்டோவை எடுத்தது நான். பக்கத்தில் என் நிழல்கூட விழுந்திருக்கிறது. அக்காவிடம் சொல்லவில்லை.

பாட்டிலைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முந்தானையால் துடைத்தார்.

"கெணத்த மூடிட்டாவளாமே. ஆபீசுலேர்ந்து பணம் விஷயமாப் பேசின ஆளு சொன்னான்."

"ஆமாக்கா."

"நூத்தி இருபது போட்டும் ஓடலையாம்மா?" சத்தம் தாழ்ந்துவிட்டது. "அப்ப அவரு சொன்னது தப்பா? இவ்வளவு வருசமா வீட்டையும் பாக்காம, அந்தக் கல்லு கல்லுன்னு கெடந்தாரே. அது ஒண்ணுமில்லாத கல்லுதானா, வடிவு?"

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"அவரு சொன்னது சரிக்கா. கல்லுல எண்ணெ இருக்கு. நான் நூத்தி இருபது போடல. ஐம்பதுதான் போட்டேன். அவருகிட்ட பொய் சொன்னேன்."

அக்கா என்னையே பார்த்தார்.

"எதுக்கு?"

"நூத்தி இருபது போட்டு அடைச்சுக்கிட்டா சரிபண்ண ஒரு மாசம் ஆவும். அவருக்கு ஒரு மாசம் இல்லையேக்கா. எண்ணெ வந்துட்டுன்னு அவரு காதுல விழணும். எனக்கு வேற ஒண்ணுமே தோணல. அவரு போயிருவாரேன்னுதான்..." வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஏப்ரல் ஐந்தாம் தேதியிலிருந்து அழாத அழுகை. இன்னொருத்தி வீட்டில், அவள் புருஷன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

அக்கா எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"போதும் பிள்ளே. எனக்குத் தெரியும். அவரு பேரு கெட்டுறக் கூடாதுன்னு பழிய நீ தூக்கித் தலையில வச்சுக்கிட்டுப் பேசுத. நீ அப்படித்தான் செய்வ. வேண்டாம்மா. தப்பாப் போச்சுன்னா போவட்டு. மனுசன் சந்தோசமாத்தான் போனாரு."

"இல்லக்கா, நெசமாத்தான் சொல்லுதேன்."

"சரி, சரி. கண்ணத் தொட."

பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டை அப்போதுதான் கவனித்தார். மேல் வரியில் கிணற்று எண், கீழ் வரியில் அவர் பெயர், நடுவில் வெறுமை. இது என்ன என்று கேட்டார். எத்தனை டன் என்று எழுத வேண்டிய இடம் என்றேன். "பேனா குடு" என்று என் பையிலிருந்து தானே எடுத்தார். அக்கா வேண்டாம் என்று நான் கையை நீட்டினேன். என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, பாட்டிலை மடியில் படுக்க வைத்து எழுதினார்.

நூற்று இருபது.

டீச்சர் கையெழுத்து, முத்து முத்தாக இருந்தது. பாட்டிலைக் கொண்டுபோய் படத்துக்குப் பக்கத்தில், சீட்டு வெளியே தெரிகிற மாதிரி வைத்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு தட்டில் முந்திரிக்கொத்து கொண்டுவந்து வைத்தார். "ஒவ்வொரு லீவுக்கும் ஒனக்குன்னு தனியா ஒரு டின்னு போடச் சொல்லுவாரு. சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன்.